ரிவால்வர் தோட்டாவில் மருந்து எந்தப் பக்கம் கிடக்கிறது?

முதல் பன்னிரண்டு தோட்டாக்களைச் சுட்டு முடித்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அதிகபட்சம் வினாடிக்கு 753 அடி, குறைந்தபட்சம் 659. ஒரே ஈயம், ஒரே அச்சு, ஒரே வெடிமருந்து, ஒரே நாளில் ஒரே கை கெட்டித்த தோட்டாக்கள். அப்படியிருந்தும் 94 அடி வித்தியாசம். அந்த 94 எங்கிருந்து வந்தது என்று தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் பக்கம். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கெட்டிப்பதற்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் இதை ஒரு அனுபவமாக மட்டும் படியுங்கள்.

துப்பாக்கி 4 அங்குலக் குழல் உள்ள, .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா போடும் ரிவால்வர். மாதம் ஒரு முறை ஐடிபிஏ என்ற கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் போவேன். அங்கே சாதாரண ரிவால்வருக்கு 'பவர் ஃபேக்டர்' குறைந்தது 105 இருக்க வேண்டும். கணக்கு எளிது: குண்டின் எடையைக் கிரெய்னில் எடுத்து, வினாடிக்கு எத்தனை அடி வேகம் என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். என் குண்டு சராசரி 159 கிரெய்ன். அப்படியென்றால் 661 அடி வேகம் வந்தால் பாஸ். கீழே போனால் அந்தத் தோட்டா போட்டிக்கு ஆகாது. ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். மருந்தில் நாங்கள் பார்க்கும் 0.1 கிரெய்ன் என்பது ஏறக்குறைய ஆறரை மில்லிகிராம். அவ்வளவு நுணுக்கமாக அளக்கும் வேலையில் 94 அடி என்பது பெரிய ஓட்டை.

முதலில் குண்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சந்தேகம் முதலில் அங்கேதான் போனது.

கார் சக்கரத்தில் எடை சமன் செய்யக் கவ்வி வைக்கும் பழைய ஈயத் துண்டுகள்தான் என் மூலப்பொருள். அதில் காரீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனி இருக்கும். அதனால் சுத்த ஈயத்தைவிடக் கெட்டி. இப்போது வரும் துண்டுகளில் பாதி இரும்பும் துத்தநாகமும். இரும்பு என்றால் மிதந்துவிடும், எடுத்துப் போட்டுவிடலாம். துத்தநாகம் கலந்தால் முழுப் பானையும் கெட்டுப்போகும். உலோகம் கூழ்போல ஆகி அச்சின் மூலைகளை நிரப்பாது. அதனால் ஒவ்வொரு துண்டையும் கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்ப்பேன். ஈயம் வெண்ணெய் மாதிரி வாங்கிக்கொள்ளும். துத்தநாகம் பல்லை எதிர்க்கும், தரையில் போட்டால் கணீரென்று கேட்கும். துத்தநாகம் உருகுவது 420 டிகிரி செல்சியஸ் பக்கம். முதல் உருக்கலில் பானையை 370க்கு மேல் விடாமல் வைத்துக்கொண்டால், கண்ணுக்குத் தப்பிய ஒன்றிரண்டும் உருகாமல் மேலே மிதக்கும்.

அதோடு 2 சதவீதம் வெள்ளீயம் சேர்ப்பேன். அச்சின் கூர் விளிம்புகள்வரை உலோகம் ஓடுவதற்கு வெள்ளீயம்தான் காரணம். சிறுவயதில் எங்கள் தெருவுக்குப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். துருத்தி ஊதி, பித்தளை அண்டாவைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, துணியால் ஒரு இழுப்பு இழுப்பார். அண்டா உள்ளே வெள்ளியாகிவிடும். அவர் பூசியது இந்த வெள்ளீயம். பானையில் அது கரைந்து ஈயத்தின் மேல் பளபளப்பு ஏறும்போது ஒவ்வொரு முறையும் அவர் ஞாபகம் வரும்.

தேன்மெழுகு ஒரு சிட்டிகை போட்டுக் கிளறி, கசடை வழித்து எடுத்த பிறகு வார்ப்பு. அச்சு ஆறிக் கிடந்தால் குண்டில் சுருக்கம் விழும். அதிகச் சூடானால் பனி படிந்த மாதிரி வெளிறிப்போகும். நான் பார்ப்பது அச்சின் வாயில் தேங்கும் சின்னக் குட்டையைத்தான். ஊற்றிய உடனே கண்ணாடிபோல மின்னும். மூன்று நான்கு வினாடியில் நடுவில் ஒரு குழி விழும். பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கல் ஓடி, சட்டென்று முழுதும் மங்கிவிடும். அதன்பின் இன்னும் இரண்டு எண்ணிவிட்டு மேல்தகட்டைத் தட்டித் திறந்தால் வெட்டு சுத்தமாக இருக்கும். அவசரப்பட்டால் குண்டின் அடிப்பக்கத்தில் ஈயம் பிய்ந்து வரும். குண்டுக்கு அடிதான் உயிர். மூக்கில் சின்ன வடு இருந்தாலும் நேராகப் போகும், அடியில் பள்ளம் இருந்தால் போகாது.

இதெல்லாம் வீட்டுக்கு வெளியே, காற்று வீசும் திசை பார்த்துத்தான். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. பானை பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக்கூடாது. உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் நீராவியாக வெடித்து முகத்தில் அடிக்கும். முகக்கவசம், தோல் கையுறை, முழுக்கைச் சட்டை. வேலை முடிந்ததும் கை கழுவாமல் காபிகூடக் குடிப்பதில்லை. அந்தத் துணியைத் தனியாகத் துவைப்போம். ஆண்டுக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈயத்தின் அளவு பார்த்துக்கொள்கிறேன். இதில் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். அதே தொகுதியில் மீதி இருந்த குண்டுகளில் 50ஐ நிறுத்துப் பார்த்தேன். லேசானதற்கும் கனமானதற்கும் ஒன்றரை கிரெய்ன் வித்தியாசம், அதாவது ஒரு சதவீதத்துக்குள். அது 94 அடியை உண்டாக்காது. அடுத்து மருந்து அளக்கும் கருவி. இருபது முறை ஊற்றி ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். எல்லாம் 0.1 கிரெய்ன் கூட அல்லது குறைய. முன்பு எடுத்த அளவுகளின்படி என் துப்பாக்கியில் 0.1 கிரெய்ன் மருந்துக்கு வேகம் 15 அடிபோல ஏறும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 30. மீதி 60 அடிக்குக் கணக்கு வரவில்லை.

அப்புறம் வேகம் அளக்கும் கருவி மேலேயே சந்தேகம். என்னுடையது மடித்து வைக்கும் ஒளிவகை குரோனோகிராஃப். ஒரு அடி இடைவெளியில் இரண்டு ஒளிக்கண்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். முதல் கண்ணுக்கு மேலே குண்டின் நிழல் கடந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், இரண்டாவது கண்ணில் நிற்கும். 700 அடி வேகத்தில் அந்த ஒரு அடியைக் கடக்க 1.43 மில்லி வினாடி. இந்தக் கருவிகளில் மனிதக் கைத்தவறு நுழையும் இடங்கள் சில உண்டு. மடிப்பு முழுசாக விரியாமல் கண்களுக்கு நடுவே எட்டில் ஒரு அங்குலம் குறைந்தாலே ஒரு சதவீதம் பிசகும். 700ஐ 707 என்று காட்டும். குண்டு கருவிக்குச் சாய்வாகப் போனால் வேகம் குறைவாகத் தெரியும். ஆனால் 5 டிகிரி சாய்வுக்கும் 3 அடிதான் குறையும், அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் குழல் வாயிலிருந்து வரும் அனலும் எரியாத மருந்துத் துகளும். முன்பு ஒரு தடவை 6 அடி தூரத்தில் வைத்துச் சுட்டபோது 1,600 என்று காட்டியது. குண்டுக்குப் பதிலாக, அதற்கு முன்னால் போன வாயுவைக் கருவி அளந்துவிட்டது. அன்றிலிருந்து 12 அடிக்குக் குறைத்து வைப்பதில்லை. வெயில் உச்சியில் இருந்தால் மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் கூரையையும் மாட்டிவிடுவேன்.

வேகத்தை அளக்கும் ஆசை பழையது. 1742இல் ஆங்கிலேயர் பெஞ்சமின் ராபின்ஸ் கனமான ஊசல் ஒன்றில் குண்டைப் பாயவிட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டார். எனக்குப் பெருமையான ஒன்று, சாதாரணச் சுடுநர்களும் வாங்கும்படி ஒளிக்கண் குரோனோகிராஃபைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான கென் ஓலரின் பட்டறை இதே ஆஸ்டினில்தான். அவருடைய 35பி மாடலில் மூன்று கண்கள்; ஒரே குண்டை இரண்டு முறை அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அதுவே காட்டும். அளக்கிற கருவியையும் அளக்க வேண்டும் என்ற அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் கருவிக்கு மூன்றாவது கண் இல்லை. அதனால் நண்பரின் டாப்ளர் ரேடார் கருவியைக் கடன் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். ஆறு தோட்டாக்களுக்கு இரண்டும் 5 முதல் 9 அடிக்குள் ஒத்துப்போயின. ரேடார் குழல் வாயிலேயே வேகத்தைச் சொல்கிறது, என்னுடையது 12 அடி தள்ளி. நடுவில் காற்று சில அடிகளைத் தின்றுவிடும். ஆக, கருவி சரி. 94 அடி உண்மையான வேறுபாடு.

விடையைச் சொன்னது நோட்டு எழுதிக்கொண்டிருந்த நண்பர். மதுரைக்காரர். துப்பாக்கி அவருக்குப் பழக்கமில்லை. என்னோடு பேச்சுத்துணைக்கு வந்தவர். இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒவ்வொரு ஆறுலயும் முதல் குண்டுதான் கம்மியா இருக்கு" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். முதல் சுற்றில் முதல் தோட்டா 659. இரண்டாம் சுற்றில் முதல் தோட்டா 664. மீதிப் பத்தும் 690க்கு மேலே.

ரிவால்வரில் தோட்டாக்களைப் போடும்போது குழலைத் தரைப் பக்கம் சாய்த்து, குண்டு கீழே இருக்கும்படி ஒவ்வொன்றாக உள்ளே விடுவோம். தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து அப்போது குண்டின் அடியில் போய்ச் சேர்கிறது. உருளையை மூடி, மெதுவாகத் தூக்கி, குறிபார்த்துச் சுடுகிறேன். அந்த முதல் தோட்டாவில் மருந்து இன்னும் முன்பக்கமே கிடக்கிறது. பின்னால் பிரைமரின் (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் பற்றும் சின்னக் குப்பி) தீப்பொறி வெற்றிடத்தைத் தாண்டித்தான் அதைத் தொட வேண்டும். பிறகு வரும் தோட்டாக்களுக்குத் துப்பாக்கி ஒருமுறை உதறி மேலே எழும்பி இறங்கிவிடுகிறது. மருந்து கலைந்து பரவுகிறது.

இதற்கு .38 ஸ்பெஷல் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறது என்றால், அதன் கூடு, அதாவது மருந்தை அடைக்கும் பித்தளைக் குழாய், பழைய காலத்து நீளம். 1898இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதைக் கொண்டுவந்தபோது கூடு நிறையக் கருமருந்து போட வேண்டியிருந்தது. இன்றைய புகையில்லா மருந்து அதில் சின்னப் பங்குதான் வேண்டும். மீதி காலி. பாதி டப்பா அரிசி மாதிரி, சாய்த்த பக்கம் ஓடும்.

இந்தக் காலியிடத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தவறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து ஊற்றினாலும் வழியாது, வெளியே தெரியாது. சுட்டால் துப்பாக்கி பிளந்துபோகலாம். அதனால் 50 கூடுகளையும் மரக்கட்டையில் நிறுத்தி, மருந்து ஊற்றிய பிறகு டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றாக இருந்தால்தான் குண்டை மேலே வைப்பேன். என் மருந்தின் பெயரையும் அளவையும் இங்கே எழுதாததும் இதே அக்கறையில்தான். உங்கள் மருந்து தயாரிப்பாளரின் கையேட்டில் உங்கள் குண்டின் எடைக்கு ஆரம்ப அளவு இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

அன்று மதியம் மீதி இருந்த தோட்டாக்களை இரண்டாகப் பிரித்தோம். முதல் பத்தை, ஒரு சமயம் ஒன்றாகப் போட்டு, சுடும் திசையிலேயே குழலைத் தாழ்த்தி, மெதுவாக உயர்த்திச் சுட்டேன். அடுத்த பத்துக்குக் குழலை மண்மேட்டின் உச்சிவரை தூக்கி, இரண்டு தட்டுத் தட்டி, மெதுவாக இறக்கிச் சுட்டேன். குறிக்கு வரும்வரை விரல் விசையில் இல்லை, சுத்தியலைப் பின்னால் இழுத்து வைக்கவும் இல்லை. பின்னால் பெரிய மண்மேடும் அதற்கப்பால் ஆளில்லாத நிலமும் இருந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது.

மருந்து முன்னால்: சராசரி 648 அடி, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) 17.

மருந்து பின்னால்: சராசரி 751 அடி, திட்ட விலக்கம் 11.

நூறு அடிக்கு மேல் வித்தியாசம். முன்பக்கத் தொகுதியில் ஆறாவது தோட்டாவின் சத்தம் மந்தமாகக் கேட்டது, உதறலும் குறைவு. குரோனோகிராஃப் 611 என்றது. எண் வந்துவிட்டது என்றால் குண்டு வெளியே போய்விட்டது என்றுதான் அர்த்தம்; இருந்தாலும் உருளையைத் திறந்து, பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்த பிறகே அடுத்ததைப் போட்டேன். ஈயக் குண்டு குழலில் சிக்கிக்கொண்டு, பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கிப்போகும். சத்தம் மாறினால் நிறுத்த வேண்டும். இதற்குக் கருவி தேவையில்லை, காது போதும்.

இப்போது பவர் ஃபேக்டர் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காலையில் எடுத்த பன்னிரண்டின் சராசரி 707. அதன்படி 112.4, தாராளமாகப் பாஸ். பின்பக்க மருந்துக்கு 119.4. முன்பக்கத்துக்கு 103.0, ஃபெயில். மூன்றும் ஒரே பெட்டித் தோட்டாக்கள்.

போட்டியில் துப்பாக்கி இடுப்பு உறையில் குழல் கீழே பார்த்தபடி தொங்குகிறது. நடந்து போகும்போது ஒவ்வொரு அடிக்கும் மருந்து குண்டின் அடியில் படிந்துகொண்டே இருக்கும். மணி அடித்ததும் உருவிச் சுடும் முதல் குண்டு இந்த 648 அடிக் குண்டுதான். இத்தனை நாள் மேசையிலிருந்து எடுத்துச் சுட்டு, சராசரியைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன். போட்டியில் நடப்பதை நான் அளக்கவே இல்லை.

ஐந்து தோட்டாவில் எடுத்த எண்ணை நம்பக்கூடாது என்பதையும் அன்றுதான் உறைக்கக் கண்டேன். முன்னால் இதே கலவையை ஐந்து சுட்டு 'உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடைவெளி 41' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த ஐந்தில் முதல் குண்டை 'துப்பாக்கி சூடேற' என்று கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பொதுவாகவே, எத்தனை அதிகம் சுடுகிறோமோ அத்தனை இந்த இடைவெளி விரியும். ஐந்து சுட்டால் திட்ட விலக்கத்தைப்போல 2.3 மடங்கு, பத்து சுட்டால் 3.1 மடங்கு எதிர்பார்க்கலாம். ஐந்து குண்டில் வந்த சின்ன எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, நான் சுடப் போகும் அதே பண்ணைக்கு மறுபடி போனேன். இந்த முறை இரண்டு மாற்றங்கள். மருந்தை 0.3 கிரெய்ன் கூட்டினேன். கையேடு சொல்லும் உச்ச அளவுக்கு இன்னும் கீழேதான். கூட்டின் வாயைக் குண்டைச் சுற்றி ஓடும் பள்ளத்துக்குள் முன்பைவிட இறுக்கமாக மடித்தேன். குண்டு ஒரு கணம் பிடித்து நின்றால் மருந்து பற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியது சரியான முறையில்லை என்று தெரியும். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இனி தனியாகச் சுட வேண்டும். போட்டி நெருங்கியதால் அப்படிச் செய்தேன். ஒவ்வொரு பத்துக்கும் காலிக் கூடுகளை எடுத்துப் பார்த்தேன்: ஒட்டாமல் எளிதாக விழுந்தன, பிரைமர் விளிம்புகள் உருண்டையாகவே இருந்தன. குழலில் ஈயம் ஒட்டவில்லை. தொடக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய சாம்பல் கோடு, அதுவும் தூரிகையில் இரண்டு இழுப்பில் போய்விட்டது.

மருந்து முன்னால் 697. பின்னால் 781. நூற்று மூன்றாக இருந்த பிளவு 84 ஆகக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை, ஆனால் மோசமான நிலையிலும் பவர் ஃபேக்டர் 110.8 வருகிறது.

கடைசியாக ஒரு சோதனை. போட்டியில் கட்டும் அதே உறையைக் கட்டிக்கொண்டு, ஆறு தோட்டா போட்டு, பண்ணை வேலிவரை நடந்துபோய்த் திரும்பி வந்து, உருவி ஒன்றே ஒன்று சுடுவேன். மீதியை வெளியே எடுத்துவிட்டு மறுபடி போடுவேன், மறுபடி நடப்பேன். மதுரைக்காரர் நோட்டோடு கூடவே நின்றார். பத்து நடை, பத்து குண்டு. 702, 688, 711, 694, 679, 705, 691, 716, 698, 686. சராசரி 697. மேசையருகே குழலைத் தாழ்த்திச் சுட்டதும் இதே 697தான்.

பெட்டியின் மேல் சீட்டில் இப்போது இரண்டு எண்கள் எழுதுகிறேன். முதலில் உறையிலிருந்து 697, அதன் கீழே சின்னதாக, மேசையிலிருந்து வந்த சராசரி 744.